ரோஸ்லெட்டின் தாடை

மூத்த பேரன் கப்பலில் என்ஜினியர். இளையவன் வங்கிப் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறினான். பேத்தி லீனா நெய்யாற்றின்கரையில் பல் டாக்டர். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன நான் இதையெல்லாம் செங்கல் ஊரிலிருந்து வந்த சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் லீனா போனில் அழுதாள். “பாட்டி, ரோஸ்லெட் பாட்டி போயாச்சு.”

ரோஸ்லெட் என் கணவரின் தங்கை. நம் திருச்சபைத் தேர்தலில் நாற்காலி பறக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. போன தேர்தலில் எதிரணி ஜஸ்டின் வீசிய நாற்காலி அவள் தாடையில் பட்டது. அவள் பாய்ந்து அவன் சட்டையைக் கிழித்தாள். வாயில் ரத்தத்தோடு, “வேற சட்டை போட்டுட்டு வாலே, ஓட்டு இனியும் உண்டு” என்றாள்.

வற்றிய வீக்கம் ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. அதைப் பார்த்துக் கொதித்த என் மகன் வில்சன், சந்தையில் வைத்துக் கம்பியால் ஜஸ்டினின் கையை ஒடித்தான். “வேணும் அவனுக்கு” என்றேன் நான். நாற்காலி எறிந்ததற்கு அவன் மேல் ரோஸ்லெட் கொடுத்த போலீஸ் கேஸும் இருந்தது. வெள்ளறடை வர்ம ஆசான் வாரக்கணக்கில் எண்ணெய்க்கட்டுப் போட்டார். வீக்கம் கூடிக்கொண்டே போனது.

கடைசியில் லீனா பார்த்தாள். உதட்டையும் மோவாயையும் ஊசியால் தொட்டாள். ரோஸ்லெட்டுக்கு ஒன்றும் தெரியவில்லை.

“அடிபட்ட இடம் நோவும் பாட்டி. இது மரத்துப்போயில்லா கெடக்கு. முன்னே ஆப்பரேஷன் ஏதாவது உண்டா?”

“ஒண்ணுமில்ல மக்கா.”

எட்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு மார்பை எடுத்திருந்தார்கள். மகளின் கல்யாணம் தடைபடும் என்று, பித்தப்பைக் கல் என்றே ஊருக்குச் சொன்னோம். உண்மை எனக்கு மட்டும் தெரியும். அந்த நோய் வந்தால் மார்பில்தான் வரும் என்று நம்பி நானும் வாய் திறக்கவில்லை. அன்று லீனாவிடம் சொன்னேன். ரோஸ்லெட் என்னை முறைத்த முறைப்பு! தாடை எலும்பில் துளி எடுத்துச் சோதித்தார்கள். அதே நோய். நாற்காலியின் அடி அல்ல.

“வாய் பூட்டுறதுக்கு முன்ன ஒரு ஜோலி உண்டு மைனி” என்று வில்சனையும் லீனாவையும் என்னையும் ஜஸ்டின் வீட்டு முற்றத்துக்கு இழுத்துப்போனாள்.

“எலே ஜஸ்டினு, இது உன் அடி இல்லியாக்கும். கேஸை நான் வாபஸ் வாங்கிருதேன்.”

“நாற்காலி எறிஞ்சது நான்தானே அக்கா?”

“எறிஞ்ச. நான் சட்டையக் கிழிச்சேன், அது தீர்ந்து. இவன் உன் கைய ஒடிச்சது எதுக்காக்கும்?”

திரும்பி, ஆறடி வில்சனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அடுத்து என்னைப் பார்த்தாள். ஜஸ்டினிடம் மன்னிப்புக் கேட்டது நான்தான்.

அவள் சவப்பெட்டியை ஜஸ்டின் நீட்ட முடியாத அந்தக் கையாலும் தாங்கினான். எனக்கு அவள் விட்டுப்போனது வில்சன் வாங்கிய அந்த அறையின் சத்தம். என் பிள்ளைகளின் பெருமையைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அது கேட்கிறது.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய பழைய ஸ்டுடியோ படத்தைப் போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். அன்று அந்த முற்றத்தில் லீனா எடுத்த படம் இருக்கிறது. வீங்கிய தாடையோடு ஜஸ்டினின் பக்கத்தில் நிற்கிறாள். அதைப் போடுங்கள்.