சிவப்பில் இருந்த வாடிக்கையாளர்

தண்ணீர் வடிகட்டி விற்கிற கம்பெனியில் வேலை பார்த்துப் பார்த்து, அவருக்கு வடிகட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. வடிகட்டின அப்பாவி என்று அதற்கு விளக்கம் சொன்னவர்களும் உண்டு. நிஜப் பெயர் ஆபீஸில் ஒருவருக்கும் நினைவில்லை, முதலாளிக்குச் சுத்தமாகத் தெரியாது. விற்பதில் அவர் ஒன்றும் புலியில்லை. ஆனால் அவரிடம் ஒரு தடவை வாங்கியவர்கள் வேறு கடை தேடிப் போனதில்லை. யார் வீட்டுத் தண்ணீரில் உப்பு, யார் வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது.

அந்தத் தலையை நம்பாமல் கம்பெனி ஒரு சிஆர்எம் மென்பொருளை வாங்கியது. வாடிக்கையாளர்களின் சங்கதியெல்லாம் அதில் ஏற வேண்டும். திருப்தியானவர் பச்சை, கைநழுவப் போகிறவர் சிவப்பு. பயிற்சியன்று மாதிரிக்கு ஒருவரைப் பதியச் சொன்னார்கள். மற்றவர்கள் வாயில் வந்த பெயரைப் போட்டு, மாலையில் அழித்தார்கள். பொய் எழுதக் கூச்சப்பட்ட நம் ஆள் தன் நிஜப் பெயரையும் கைபேசி எண்ணையும் போட்டார், அழிக்க மறந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார், வேறென்ன!

ஒன்றும் வாங்காத, எந்தச் செய்திக்கும் பதில் போடாத அந்த வாடிக்கையாளர் சீக்கிரமே சிவப்பானார். மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாசக் கடைசிக்குள்ள இவரைப் பச்சையாக்கணும். இல்லேன்னா உங்க சீட்டுக்கு வேற ஆள்."

"சார், அது நான்தான்."

"அப்ப இன்னும் சுலபம். பேசிப் பாருங்க."

"அழிச்சுடலாமே சார்?"

"அழிச்சா ஆள் போயிட்டார்னு கணக்காயிடும். முதலாளி தினமும் பாக்கறார்யா!"

மகளுக்குப் படிப்பு முடியவில்லை. நரைத்த தலைக்கு எவன் புதிதாக வேலை கொடுப்பான்? வடிகட்டி தன் கைபேசியிலிருந்து தன்னையே அழைத்தார். லைன் பிஸி. எத்தனை முறை அழைத்தாலும் பிஸி. 'போட்டிக் கம்பெனியுடன் பேசிக்கொண்டிருக்கலாம்' என்று சிஆர்எம் எச்சரித்து, சிவப்பை இன்னும் அடர்த்தியாக்கியது.

மறுநாள் கைபேசியை மனைவியிடம் விட்டுவிட்டு, ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டார். பேச்சு முழுக்கப் பதிவாகும் என்பதால் யாரோ போலத்தான் பேச வேண்டும்.

"வணக்கம்மா. சார் இருக்காரா?"

குரல் தெரியாமலா போகும்? அந்த அம்மாள் ஒரு கணம் யோசித்தாள். "அவர் ஆபீஸ் போயிருக்காருங்க."

"எங்க கம்பெனி மேல சாருக்கு என்ன குறைம்மா?"

அவள் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தாள் போலிருக்கிறது. "உங்களுக்கு உழைச்சே மனுஷன் ஓடாத் தேய்ஞ்சுட்டார். எப்படி இருக்கீங்கன்னு ஒரு நாளாவது கேட்டிருப்பீங்களா? காய்ச்சலோட வந்து நின்னப்பகூடச் சட்டை ஏன் கசங்கியிருக்குன்னுதானே கேட்டீங்க?"

"பதிவு பண்ணிக்கறேம்மா," என்றார். இவளுக்கு இதெல்லாம் தெரியும் என்பதே அவருக்கு இதுவரை தெரியாது. ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்தார்.

மென்பொருள் ஆராய்ந்து தீர்ப்புச் சொன்னது. நெடுநாள் உறவு, நியாயமான கோபம், முதலாளியே பேச வேண்டும்.

அடுத்த நாள் காலை சட்டைப் பையில் கைபேசி அடித்தது. எதிரே கண்ணாடி அறைக்குள் முதலாளி ரிசீவரோடு உட்கார்ந்திருந்தார்.

"கம்பெனி முதலாளி பேசறேன். எப்படி சார் இருக்கீங்க?"

வடிகட்டி பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார். "நல்லா இருக்கேன் சார்!" என்று அலறினார்.

முதலாளி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, கதவுப் பக்கம் எட்டிக் கத்தினார். "யோவ் வடிகட்டி, மெதுவாப் பேசுய்யா! முக்கியமான வாடிக்கையாளர் லைன்ல இருக்கார்!"

"மன்னிச்சுக்கங்க சார்," என்றார் இவர், போனுக்குள், மெல்ல.

"ஐயோ, நீங்க எதுக்கு சார் மன்னிப்புக் கேக்கறீங்க? இத்தனை நாள் உங்களைக் கவனிக்காம விட்டது எங்க தப்பு. எங்களை விட்டுப் போயிடாதீங்க."

வடிகட்டி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போகலை சார்," என்றார்.

திரையில் அவர் பெயர் பச்சையானது.