அத்தையின் ஷேடு

அத்தை சினிமாவில் நடித்தது 1988ஆம் ஆண்டு மாசி மாதம். அம்மா பங்குனி என்பாள். மாசியில் அப்படி ஒரு வெயில் ஏது என்பது அவளுடைய வாதம். அப்பாவின் ஷேடு புத்தகம் மாசி என்கிறது. நான் புத்தகத்தை நம்புகிறவள், ஆகவே மாசி.

அப்பா திருப்பூர் மண்ணரையில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தார். பனியன் கம்பெனிக்காரர்கள் ஒரு துண்டுத் துணியையோ, சட்டைப் பொத்தானையோ, ஒரு தடவை ஒரு கத்தரிக்காயையோ கொண்டுவந்து "இந்தக் கலர் வேணுங்க மாஸ்டர்" என்பார்கள். அப்பா சின்ன குண்டாவில் சாயம் காய்ச்சி, விரலகலத் துணியை நனைத்து உலர்த்தி, நடுப்பகல் வெளிச்சத்தில் இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்ப்பார். பொருந்திவிட்டால் அந்தத் துண்டைப் புத்தகத்தில் பின் அடித்து, தேதி போட்டு, எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று எழுதி, கேட்டவரிடம் அடியில் 'ஓகே' என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார். கையெழுத்து இல்லாமல் ஒரு முழம்கூட நனைக்கமாட்டார். அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. மாசி மாதத்துப் பக்கம் ஒன்றில் ஒரு மனுஷியின் தோல் நிறத்தில் துணித்துண்டு இருக்கிறது.

அத்தை அப்பாவின் தங்கை. அப்போது இருபத்திரண்டு வயது, எங்களோடுதான் இருந்தாள். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது. எள்ளளவு கறையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நல்ல கருப்பு. வேலைக்குக் கிளம்பும்போது முகத்துக்கு ஒரு தடவை பவுடர் போட்டு, செருப்பு மாட்டிய பிறகு திரும்பி வந்து இன்னொரு தடவை போடுவாள். வேறு எதற்கும் அவள் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை.

திருமுருகன்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் சொந்தக்காரர் ஒருவருடைய தோட்டத்துக் கிணறு பெரியது. சுற்றுச்சுவர் மேல் ஏறி நின்று தலைகீழாகப் பாய்கிறவர்கள் அந்தப் பக்கத்தில் நாலைந்து பேர்தான். அதில் பெண் ஒருத்திதான், அது அத்தை. சிறுவயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி அவளுக்கு நீச்சல் பழக்கியவர் அப்பா.

அந்தக் கிணற்றைத் தேடி மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. படத்தில் கதாநாயகி கொங்கு நாட்டுத் தோட்டக்காரப் பெண். கிணற்றில் விழுந்த குழந்தையைப் பாய்ந்து காப்பாற்றுகிறாள். அவளாக நடிக்க பம்பாயிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். எனவே எங்கள் ஊர்ப் பெண்ணாக நடிக்க பம்பாயிலிருந்து ஒருத்தியும், அவளுக்குப் பதிலாகப் பாய எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியும் வேண்டியிருந்தது. தோட்டக்காரர் அத்தையைக் காட்டினார்.

சினிமாக் கம்பெனி மேனேஜர் அத்தையை மேலும் கீழும் பார்த்தார். "உயரம் சரியா இருக்கு. கலர்தான்..." என்று இழுத்தார்.

"தண்ணிக்குக் கலரெல்லாம் தெரியாதுங்க" என்றாள் அத்தை.

அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள், மேனேஜரும் சிரித்தார். சம்பளம் பேச அப்பா தொண்டையைக் கனைத்தபோது அத்தை முந்திக்கொண்டு வேறொன்று கேட்டாள்.

"ஏனுங்க, படத்துல என்ற பேரு போடுவீங்களா?"

"தாராளமா. டைட்டில்ல போட்டுடலாம்மா."

அன்று மாலையே செக்கிங் பிரிவு முழுவதற்கும் செய்தி போய்விட்டது. பாதிப் பேர் நம்பவில்லை. "உன்ற பேரு வந்துதுன்னா நான் மொட்டை போட்டுக்கறேன்" என்று ஒருத்தி சவால் விட்டாளாம். அத்தை அவளை இரவு முழுவதும் திட்டிக்கொண்டிருந்தாள், சந்தோஷமாக.

முதல் நாள் ஷூட்டிங்குக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் போனேன். நாலாம் வகுப்பு. தென்னை மரத்தடியில் பாவாடை தாவணியில் வெள்ளையாக யாரோ ஒருத்தி நின்றிருந்தாள். கதாநாயகி என்று நினைத்து வாயைப் பிளந்து பார்த்தேன். அவள் "வா கண்ணு" என்றாள். அத்தையின் குரல். அந்த முகத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. இரண்டு எட்டு பின்னால் போய் அழ ஆரம்பித்தேன். மேக்கப் போட்டவர் தம் வேலைக்குக் கிடைத்த பாராட்டாக அதை எடுத்துக்கொண்டார்.

அத்தை பாய்ந்தாள். அம்பு போல இறங்கினாள். அவள் மறைந்த இடத்திலிருந்து பால் கொட்டியது போல வெள்ளை கிளம்பி, வட்டமாக விரிந்து, கிணறு முழுக்கப் பரவியது. தோட்டக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு "தென்னைக்குப் பாயற தண்ணிங்க அது" என்றார். அத்தை தலைமுடி முகத்தில் விழுந்திருக்க, அங்கங்கே வெள்ளைத் திட்டும் மீதி தன் நிறமுமாகப் படியேறி வந்தாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படத்தில் நகைச்சுவை வேடம் போட்டவர் நாற்காலியில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து காட்டினார். கேமரா ஓடிக்கொண்டேதான் இருந்தது. தையல் மிஷின் மாதிரி அதன் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நிறுத்த மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேக்கப் தண்ணீரில் நிற்கவில்லை. அடுத்து என்ன செய்வது என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது யோசனை சொன்னவர் அப்பாதான். இதை நான் அழுத்தமாக எழுதவேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிற்பாடு அவரே அதைச் சொல்லமாட்டார். பனியன் கழுத்துக்குப் போடும் ரிப் துணி தோலோடு ஒட்டி நிற்கும். அதில் முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் தைத்து, கதாநாயகி அம்மாவின் தோல் நிறத்துக்குச் சாயம் போட்டு, உடுப்புக்கு உள்ளே போட்டுவிட்டால் எத்தனை முறை பாய்ந்தாலும் போகாது. "என்ற சாயம் வெளுக்காதுங்க" என்றார். மேனேஜர் அப்பாவைக் கட்டிக்கொள்ளாத குறை.

அப்பா வழக்கம்போல சாம்பிள் கேட்டார். சாம்பிள் கதாநாயகியின் கை. ஆண்கள் கிட்டே போய்க் கையைப் பிடித்துப் பார்க்க முடியாது என்பதால் நிறவாரியாகத் துணித்துண்டுகள் ஒட்டிய ஷேடு கார்டை என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள். அவர் குடைக்கடியில் சாத்துக்குடி தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு சுளை கொடுத்துவிட்டு, கையை நீட்டினார். நான் ஒவ்வொரு துண்டாக வைத்துப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் மேக்கப் வியர்வையில் கலைந்திருந்தது. உள்ளே இருந்தது வேறு நிறம், எங்கள் டீச்சருடைய மாநிறம். பயந்துபோய் ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா யோசித்தார். "மேக்கப்போட இருக்கற கலருங்களா, மேக்கப் இல்லாத கலருங்களா?" என்று கேட்டார்.

"ஸ்கிரீன்ல தெரியற கலர் மாஸ்டர்."

"ஸ்கிரீன்ல தெரியற கலருக்கு நான் எங்கீங்க போயி சாம்பிள் வாங்கறது?"

கடைசியில் மேக்கப் டப்பாவையே சாம்பிளாகக் கொடுத்தார்கள். மூன்றாவது குண்டாவில் அப்பா அந்த நிறத்தைப் பிடித்துவிட்டார். மேனேஜர் ஆங்கிலத்தில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் அந்தத் தோலைப் போட்டுக்கொண்டு அத்தை மூன்று முறை பாய்ந்தாள். மூன்றாவது முறை கதாநாயகி எழுந்து நின்று கைதட்டினார். "பாத்தியா, ஒரு பொட்டு சாயம் போகல" என்று அப்பா என் தோளைத் தட்டினார். தங்கை எவ்வளவு அழகாகப் பாய்ந்தாள் என்று அவர் சொன்னதாக நினைவில்லை.

ஐப்பசியில் படம் திருப்பூருக்கு வந்தது. செக்கிங் பிரிவில் பதினொரு பேர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். அத்தை எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து, நடுவில் அமர்ந்து, ஒரு பக்கம் அப்பாவையும் மறுபக்கம் என்னையும் வைத்துக்கொண்டாள். வகுப்பில் வேகமாகப் படிப்பவள் நான்தான். எழுத்துப் போடும்போது அவள் பெயரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு எனக்கு.

நான் ஒன்றுவிடாமல் படித்தேன். லைட் பிடித்தவர்கள் பெயர் வந்தது. வண்டி ஓட்டியவர்கள் பெயர் வந்தது. மாடு கொடுத்து உதவியவருக்கு நன்றி சொன்னார்கள். அத்தை பெயர் வரவில்லை.

"கடைசீல போடுவாங்க கண்ணு" என்றாள் அத்தை.

கிணற்றுக் காட்சி வந்தது. சுற்றுச்சுவர் மேல் முதுகு காட்டி நின்ற உருவம் கையை உயர்த்தி, வானத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. தியேட்டரே எழுந்து கதாநாயகிக்கு விசில் அடித்தது. எங்கள் வரிசையில் எல்லோரும் அத்தையைப் பிடித்து உலுக்கினார்கள்.

"நீங்கதானுங்களாக்கா அது?"

"ஆமா."

"கையி அத்தனை வெள்ளையா இருக்குதுங்களே?"

"அது எங்கண்ணன் போட்ட சாயம்."

மொட்டை போடுவதாகச் சொன்னவள் "பேரு இன்னும் வல்லியே" என்றாள். "இருடி, படம் முடியட்டும்" என்று அத்தை அவள் தலையைத் தடவிக் காட்டினாள். வரிசை முழுக்கச் சிரிப்பு.

அதற்குப் பத்து நிமிஷம் கழித்து நகைச்சுவைக் காட்சி. கடன்காரனுக்குப் பயந்து ஓடிவந்தவர் அதே கிணற்றோரம் ஒளிந்து எட்டிப் பார்க்கிறார். உள்ளேயிருந்து முடியை விரித்துப்போட்டுக்கொண்டு, கரேலென்று, திட்டுத் திட்டாக எதையோ பூசிக்கொண்டு ஒரு உருவம் படியேறி வருகிறது. அவர் "பேயி! கருப்புப் பேயி!" என்று அலறி, வேட்டி அவிழ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். தியேட்டர் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். சீட்டின் மேல் ஏறி நின்று கைதட்டிச் சிரித்தேன்.

அந்த உருவம் மேல்படிக்கு வந்ததும் இடது கையால் சடையைப் பிடித்து இரண்டு முறுக்கு முறுக்கிப் பிழிந்தது. தினமும் குளித்துவிட்டு வந்து எங்கள் வாசலில் அத்தை செய்வது அது.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து சிரிப்பு இன்னும் வந்துகொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். அத்தை, டேபிள் மேல் விரித்த பனியனில் கறை தேடுகிற அதே பார்வையோடு, கண் இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வரிசை மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. பின்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமினார். மொட்டை போடுவதாகச் சொன்னவள் குனிந்து, மெதுவாக, "அக்கா, இது நீங்கதானுங்க" என்றாள்.

அன்றைக்கு 'நீங்கதானா' என்று கேட்காமலே அத்தையைத் திரையில் ஒருத்தி அடையாளம் கண்டது அந்த ஒரு முறைதான்.

அப்பா எழுந்துவிட்டார். அத்தை எட்டி அவர் சட்டையைப் பிடித்தாள்.

"உக்காருங்கண்ணா."

"போலாம் அம்முணி."

"கடைசீல பேரு போடுவாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தோம். குழந்தை பிழைத்தது, வில்லன் திருந்தினான், கல்யாணம் நடந்தது. 'வணக்கம்' என்று ஒற்றைச் சொல் வந்தது. அதன்பின் வெள்ளைத் திரை. கூட்டம் கலைந்து, பெருக்குகிறவர் வந்து நிற்கும்வரை அத்தை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்து வேலைக்குப் போனாள். கம்பெனி வாசல் பூட்டியிருந்தது என்று திரும்பி வந்தாள். நான் சிரித்ததை அத்தை பார்த்தாளா என்பதை நான் கேட்டதே இல்லை, இன்றுவரை.

அதற்கடுத்த ஞாயிறு, அப்பா பட்டறையிலிருந்து குண்டாவையும் சாய டப்பாக்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசலில் அடுப்பு மூட்டினார். "அம்முணி, கையைக் கொஞ்சம் நீட்டு" என்றார். அத்தை வெயிலில் கையை நீட்டினாள். அப்பா ஒரு துண்டை நனைத்து, உலர்த்தி, அவள் முழங்கை மேல் வைத்துப் பார்த்தார்.

"இது இல்லீங்க" என்றாள் அத்தை.

இன்னொன்று. அதையும் தள்ளினாள். மூன்றாவதையும் அப்பா சற்று வெளுப்பாகவே நனைத்திருந்தார். அத்தை துணியைக் கூர்ந்து பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"இன்னுங் கருப்பாப் போடுங்கண்ணா. எதுக்குப் பயப்படறீங்க?"

அப்பா நெடுநேரம் குண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். அடுப்புப் புகை கண்ணில் படுகிறது என்று இரண்டு தடவை முகத்தைத் துடைத்தார். ஏழாவது துண்டை வைத்தபோது அது இருக்கும் இடமே தெரியவில்லை. அத்தை புத்தகத்தை வாங்கி, அடியில் 'ஓகே' என்று எழுதி, இனிஷியலோடு தன் முழுப் பெயரையும் போட்டாள். மேனேஜர் கையெழுத்துக்கு எத்தனையோ பக்கம் தள்ளி, மனப்பாடப் பாட்டு எழுதுகிற மாதிரி நிறுத்தி நிதானமாக எழுதிய அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. யார் கேட்ட ஆர்டர் என்று எழுதும் இடத்தை அப்பா காலியாக விட்டிருக்கிறார்.

"அடுத்த ஷூட்டிங்குக்குங்களாப்பா?" என்று நான் கேட்டேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆமா கண்ணு" என்றாள் அத்தை.

நான் நம்பினேன். அத்தையின் நிறத்தைப் போட்டுக்கொள்ள இந்த முறை எந்த ஊரிலிருந்து யார் வருவார்கள் என்று, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பல நாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.