துணை இயக்குநரைப் பார்க்க வந்தவர்கள்

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. முதலில் நானும் சிரித்தவன்தான். ஆனால் இது நடந்தது. எங்கோ யாருக்கோ இல்லை, என் மனைவியின் தங்கைக்கு. பாதி ராத்திரியில் சுடுகாட்டுப் பக்கம் போனபோதும் இல்லை. பட்டப்பகலில், ஓர் அரசு அலுவலகத்தில், வேலை நேரத்தில். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கடைசியில் நடந்தது மட்டும் நான் என் காதால் கேட்டது.

வீட்டில் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த நம்பிக்கையில்தான் விற்பனை வேலையில் சேர்ந்தாள். அரசு அலுவலகங்களுக்கென்றே சாஃப்ட்வேர் செய்து விற்கும் கம்பெனி. இவள் அதில் கடைசிப் படி. காலையில் அலுவலகம் அலுவலகமாகப் போன் போட வேண்டும். மதியம் நேரில் போக வேண்டும். மாலையில் யார் யார் என்ன சொல்லித் துரத்தினார்கள் என்று மேனேஜரிடம் ஒப்பிக்க வேண்டும்.

விற்க வேண்டிய சரக்கு என்ன தெரியுமா? எந்தக் கோப்பு யாருடைய மேஜையில் எத்தனை நாளாகத் தூங்குகிறது என்று காட்டிக் கொடுக்கிற சாஃப்ட்வேர். யோசித்துப் பாருங்கள். யாருடைய மேஜையில் தூங்குகிறதோ அவரிடமே போய் அதை விற்க வேண்டும். திருடன் வீட்டுக் கதவைத் தட்டிப் பூட்டு விற்கிற கதைதான்.

"சார் லீவு." "சார் மீட்டிங்." "நிதியாண்டு முடியட்டும், பார்க்கலாம்." "இந்த சார் மாத்தலாகிப் போறார், புது சார் வந்ததும் வாங்க." புது சார் வருவார். பழைய சார் கேட்ட கேள்விகளையே முதலிலிருந்து கேட்பார். போட்ட மெயில் எல்லாம் கிணற்றில் போட்ட கல். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது சும்மா சொன்ன வார்த்தை. இவளுக்குச் சாண் ஏறவே விடவில்லை.

அவள் மேனேஜருக்கு அலுவலகத்தில் எல்லோரும் வைத்த பெயர் 'டார்கெட்'. மனிதர் குட்மார்னிங் கூடச் சொல்ல மாட்டார்.

"கதையெல்லாம் வேணாம்மா. ஆர்டர் எங்க?"

அந்த மாதத்துக்குள் ஓர் ஆர்டராவது கொண்டுவராவிட்டால் வேலை நிரந்தரம் ஆகாது என்று சொல்லிவிட்டார். அவளுடைய அப்பா, அதாவது என் மாமனார், ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தார். அதை வேண்டாம் என்று வீட்டை இரண்டாக்கிச் சண்டை போட்டுவிட்டு வந்தவள் இவள். தோற்றுப்போய்த் திரும்பினால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

அப்படி இருக்கும்போதுதான் ஓர் அலுவலகத்திலிருந்து அதிசயமாக ஒரு பதில் வந்தது. துணை இயக்குநரே போனை எடுத்துப் பேசினார். "நல்லாத்தான் இருக்கும்மா. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேர்ல வாங்க. செஞ்சு காட்டுங்க. பிடிச்சிருந்தா உடனே எழுதிடலாம்."

உடனே! அந்த வார்த்தையை ஓர் அரசு அலுவலகத்திலிருந்து அவள் முதன்முதலாகக் கேட்டாள். முந்தின நாள் இரவு எங்களுக்குப் போன் செய்து அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினாள்.

வியாழக்கிழமை பத்தேமுக்காலுக்கே போய்விட்டாள். அந்த அலுவலகத்துக்கு அவள் போவது அதுதான் முதல் தடவை. பழைய இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் காவலுக்கு யாரும் இல்லை. உள்ளே ஒரு கவுண்டர். அதன் பின்னால் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது.

"சார், துணை இயக்குநரைப் பார்க்கணும்."

தலை நிமிரவில்லை. "மாடி."

அவ்வளவுதான். முகத்தைக் காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே படி ஏறினாள்.

முதல் மாடியில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. இரண்டாவது மாடியில் நீளமான வராந்தா. ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் விட்டு விட்டு எரிந்தது. கடைசியில் ஒரு கதவு. கதவுக்கு மேல் 'துணை இயக்குநர்' என்ற பலகை. கதவுக்கு எதிரே ஒரு மரப் பெஞ்சு.

பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

நாற்பது வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, டை, மடியில் கறுப்புப் பை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சேல்ஸ் ஆள். கழுகுக்கு மூக்கில் வேர்த்தது போல இன்னொரு கம்பெனியும் வந்துவிட்டதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"உட்காருங்க," என்றார் அவர். "கூப்பிடுவாங்க."

உட்கார்ந்தாள். பெஞ்சு சில்லென்று இருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மரம் எப்படி இவ்வளவு குளிரும்?

"எந்த கம்பெனி?"

சொன்னாள். "நீங்க என்ன சார் விக்கிறீங்க?"

"நீங்க விக்கிறதுதான்," என்று லேசாகச் சிரித்தார். "அதுக்கு முந்தினது."

என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. பழைய வெர்ஷனாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். மனிதர் நன்றாகப் பேசினார். மேனேஜர்களைப் பற்றி, டார்கெட் பற்றி, 'நாளைக்கு வாங்க' என்கிற வார்த்தையைப் பற்றி. இத்தனை மாதங்களில் அவள் படும் பாட்டைப் புரிந்துகொண்டு பேசிய முதல் ஆள் அவர்தான். இவளும் கொட்டித் தீர்த்தாள். வாயாடிக்குச் சொல்லவா வேண்டும்?

உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. நாற்காலி நகரும் சத்தம். யாரோ இருமினார்கள். பிறகு மேஜை மணி.

டிங்...

அவர் சட்டென்று எழுந்தார். டையைச் சரிசெய்துகொண்டார். கதவையே பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

"நம்மள இல்ல."

வேறு யாரும் உள்ளே போகவில்லையே? வெளியேயும் வரவில்லையே? கேட்கலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அவர் திரும்பி, "எந்த கம்பெனி?" என்றார்.

"இப்பத்தானே சார் சொன்னேன்?"

"அப்படியா..."

மறுபடி மணி. மறுபடி எழுந்தார். டை. கதவு. உட்கார்ந்தார். "நம்மள இல்ல."

அவளுக்குத் தாகமாக இருந்தது. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். காலி. வீட்டில் நிரப்பி மூடிய பாட்டில். எப்போது குடித்தாள்? ஞாபகம் இல்லை. கால்கள் மரத்துப் போயிருந்தன. உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையே...

அப்போதுதான் அவருடைய பையைக் கவனித்தாள். அதன் மேல் தூசி. ஊதினால் பறக்கிற தூசி இல்லை. போர்வை மாதிரி படிந்து கிடந்தது. அவருடைய முழங்கால்களின் மேலும். தோள்களின் மேலும்.

உரசிவிடக் கூடாதே என்று தன் பையை இழுத்து மடியில் வைத்தாள்.

கையெல்லாம் தூசி.

தன் பையின் மேலும் தூசி படிந்திருந்தது.

போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. அக்கா. அதாவது என் மனைவி.

"எங்கடி இருக்க?"

"இப்பதான்க்கா வந்து உட்கார்ந்தேன். இன்னும் கூப்பிடல."





"என்னடி விளையாடுறியா? பன்னிரண்டு மணிக்குப் பேசினேன், இப்பதான் வந்தேன்ன. சாப்பிட்டியான்னு மூணு மணிக்குக் கேட்டேன், அப்பவும் இப்பதான் வந்தேன்ன. இப்ப மணி என்ன தெரியுமா?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

5.40.

என் மனைவி அன்று மூன்று முறை பேசியது நிஜம். மூன்றாவது முறை பேசும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயாடிக்கு முதல் இரண்டு முறை பேசியது இன்றுவரை ஞாபகம் இல்லை.

எழுந்திருக்கப் பார்த்தாள்.

முடியவில்லை.

"போகாதீங்க," என்றார் அவர். குரல் மாறவில்லை. அதே நல்ல குரல். "இவ்வளவு நேரம் இருந்துட்டு... போனா வரிசை போயிடும்."

டிங்...

இந்த முறை அவர் எழவில்லை. மெதுவாக இவள் பக்கம் திரும்பினார்.

"உங்களைத்தான்."

கதவு திறந்தது.

கொஞ்சமாக. ஒரு கை நுழையும் அளவுக்கு. உள்ளே வெளிச்சம் இல்லை. ஆனால் குரல் வந்தது. போனில் கேட்ட அதே துணை இயக்குநரின் குரல்.

"வாங்கம்மா. உடனே எழுதிடலாம்."

கால்கள் தாமாக எழுந்தன. அவள் எழுப்பவில்லை. ஓர் அடி வைத்தாள். பயந்துபோய்த்தான் நடந்தாள், ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் மகிழ்ச்சி. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு நடுங்குகிறது என்று சொல்வாள். ஆர்டர் கிடைக்கப் போகிறது என்கிற மகிழ்ச்சி.

இன்னோர் அடி.

கதவுக்கு உள்ளிருந்து அதே குரல், "செஞ்சு காட்டுறதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதல்ல உட்காருங்க. கொஞ்ச நேரம் காத்திருங்க," என்றது.

காத்திருங்க.

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குள் ஏதோ அறுந்தது. இத்தனை மாதமாக எத்தனை பெஞ்சு, எத்தனை வராந்தா, எத்தனை 'கொஞ்ச நேரம்'! பேயா, பிசாசா, மனிதனா என்று பார்க்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"முடியாது! இனிமே ஒரு நிமிஷம்கூட முடியாது! உங்க ஆர்டரும் வேணாம், இந்த வேலையும் வேணாம்! போதும்!"

வராந்தா முழுக்க எதிரொலித்தது.

டியூப் லைட் அணைந்தது.

கால்கள் இப்போது அவளுடையவையாக இருந்தன. திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். பின்னால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிங்... டிங்... டிங்...

கீழே, காக்கிச் சட்டை போட்ட பியூன் ஒருவர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். மாடிப்படியிலிருந்து ஒரு பெண் விழுந்தடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து அவரே பயந்துவிட்டார்.

"யாரும்மா நீங்க? மேல எதுக்குப் போனீங்க?"

"துணை இயக்குநர்... ரூம்..."

"மேல ஆபீசே இல்லையேம்மா. கூரை ஒழுகுதுன்னு எல்லாரையும் கீழ கொண்டு வந்து எத்தனையோ வருஷமாச்சு. துணை இயக்குநர் ரூம் இதோ இருக்கு." கவுண்டருக்கு அடுத்த கதவைக் காட்டினார். "காலையிலிருந்து சார் உள்ளதான் இருந்தார். சாஃப்ட்வேர் கம்பெனிலேர்ந்து ஒரு பொண்ணு வரும், வந்தா உடனே அனுப்புன்னு என்கிட்ட ரெண்டு தடவை சொன்னார். இப்பதான் கிளம்பிப் போறார்."

அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பயத்தில் இல்லை. ஆத்திரத்தில். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்ற ஆத்திரம்.

"கவுண்டர்ல இருந்தவர்தானே மாடின்னு சொன்னார்?"

பியூன் கவுண்டரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "கவுண்டருக்கு ஆள் போடவே இல்லம்மா."

பெஞ்சில் இருந்த ஆளைப் பற்றிச் சொன்னாள். டை கட்டிய ஆள், கறுப்புப் பை. பியூன் மாடிப்படியை ஒருமுறை பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"உங்க நம்பரைக் குடுங்கம்மா," என்றார் கடைசியில். "சார்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க இனிமே இங்க வராதீங்க."

மறுநாள் வேலையை விட்டாள். 'டார்கெட்' ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆர்டர் வேறொரு கம்பெனிக்குப் போனது என்று பிறகு தெரிந்தது. அப்பாவுக்கு எதிரே போய் நிற்க மனமில்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். வேறு வேலை தேட ஆரம்பித்தாள். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. யாராவது எங்கேயாவது 'கொஞ்சம் உட்காருங்க' என்றால் உட்கார மாட்டாள். நின்றுகொண்டே இருப்பாள்.

நாங்களும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். களைப்பில் கண்ணயர்ந்திருப்பாள், கனவு கண்டிருப்பாள் என்று நான் என் மனைவியிடம் சொல்லிக்கூட இருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம். சமையலறையில் வாயாடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் சாய்ந்து நின்றிருந்தேன். போன் அடித்தது. வாயாடியின் போன். கை ஈரமாக இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நான்தான்... அந்த ஆபீஸ் பியூன் பேசுறேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "நீங்க இப்ப எங்கம்மா இருக்கீங்க?"

"வீட்டுலதான்ணே. ஏன்?"

"நிச்சயமா வீட்டுலதானாம்மா?"

"ஆமாண்ணே."

"பழைய நாற்காலி ஒண்ணு எடுக்கலாம்னு மாடிக்குப் போனேன்மா..." "பெஞ்சுல ரெண்டு பேரு உட்கார்ந்திருக்காங்க. ஒண்ணு அந்த ஆளு. இன்னொண்ணு நீங்க. எழுந்து வீட்டுக்குப் போங்கம்மான்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்... என்னையே பார்த்து அழுதுகிட்டே இருக்கீங்கம்மா."