மூன்றாம் மாடியில் அரக்கு நிறம்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அத்தையின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போன இடத்தில் நான் திருடியாகப் பிடிபட்டேன். தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில். இப்போது சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. எங்கள் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குத் தையல் வகுப்புக்குப் போய்வருவாள். இந்தப் பெருந்துறை மாப்பிள்ளை இடம் வருவதற்கு முன்னால் அவளுக்கு ஓர் இடம் பேசி, உறுதியாகிற நேரத்தில் கலைந்து போயிருந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் ஏதோ கேள்வி கேட்டுவிட்டாளாம். பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆறு மாதம் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பிறகுதான் பெருந்துறைக்காரர்கள் வந்தார்கள். தொழிற்பேட்டையில் சொந்தப் பட்டறை, ஒரே பையன்.

ஜவுளி எடுக்கக் கிளம்பும்போது அப்பா அத்தையிடம் ஒன்றுதான் சொன்னார். "அம்மணி, முகூர்த்தச் சேலை அவங்க எடுத்துக் குடுக்கறது. எதைக் காட்டுனாலும் நல்லா இருக்குதுன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசிப்போடாதே."

அத்தை தலையாட்டினாள். மஞ்சள் துணிப்பையில் தண்ணீர்ப் பாட்டிலும் முறுக்கும் போட்டு என் கையில் கொடுத்தாள். நானும் தலையாட்டினேன், என்னிடம் யாரும் எதுவும் சொல்லாதபோதும்.

உக்கடத்தில் இறங்கி நடந்து போனோம். பெருந்துறையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவும் பெரியப்பாவும் காரில் வந்து கடை வாசலில் நின்றிருந்தார்கள். பெரியப்பா கனத்த குரல்காரர். வருகிற போகிறவர்கள் கேட்கும்படியாகவே பேசுவார். மாப்பிள்ளையின் அம்மா அதற்கு நேர்மாறு. நிச்சயத்தன்று மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருப்பார். அந்தப் பத்தையும் எங்கள் வீட்டில் பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று விவாதித்தார்கள்.

வாட்ச்மேன் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார். அப்பாவும் பதிலுக்குக் கையைத் தூக்கிவிட்டார். உள்ளே காலை வைத்ததும் முதலில் குளிர் வந்து மேலே விழுந்தது. ஏசி என்பதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டிருந்தேன், உடம்பில் பட்டதில்லை. சந்தன வாசம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத எங்கேயோ நாதஸ்வரம் சன்னமாக ஒலித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கதவுகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் கதவு மூடியதும் தெருவும் வெயிலும் இல்லாமல் போயின. எந்தச் சுவரிலும் ஜன்னல் இல்லை. கடிகாரமும் இல்லை. சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்கு நாலு முறை பேரம் பேசுகிற அம்மா, அங்கே கோயிலுக்குள் வந்தவள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

பட்டு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் ஏற்றிவிட்டார்கள். கதவு திறந்ததும் எதிரே ஒரு மேடை. அதன் மேல் ஆளுயரப் பொம்மை மணப்பெண் கோலத்தில் நின்றது. கூரையிலிருந்து வட்டமாக விழுந்த மஞ்சள் வெளிச்சத்தில் அது கட்டியிருந்த சேலை எரிகிற மாதிரி இருந்தது. பழுத்த அரக்கு நிறம், கையகலச் சரிகை. நாங்கள் எல்லோரும் நின்றுவிட்டோம். நிற்பார்கள் என்று தெரிந்தேதான் அதை அங்கே நிறுத்தியிருந்தார்கள். பொம்மையைவிட்டால் வேறு எங்கேயும் அவ்வளவு வெளிச்சம் இல்லை.

வெள்ளை மெத்தை விரித்து உட்கார வைத்தார்கள். குடிக்கக் கலர் சோடா கொண்டுவந்து கொடுத்தார்கள். விற்பனையாள் ஒரு முப்பது சேலையாவது விரித்திருப்பார். ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெரியப்பாவின் கண் பொம்மையை விட்டு நகரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த விற்பனையாள், கடைசியில் எழுந்து போய்ப் பொம்மையின் மேலிருந்தே அந்தச் சேலையை அவிழ்த்துக்கொண்டு வந்து அத்தையின் தோளில் போட்டார். சுற்றிலும் பல்பு வைத்த ஒரு நிலைக்கண்ணாடி முன்னால் அவளை நிறுத்தினார்.

"அம்மணிக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குதுங்க. இதுல ஒண்ணே ஒண்ணுதானுங்க வந்திருக்குது."

"இதையே பில்லு போட்டுறலாம்" என்றார் பெரியப்பா, பக்கத்து மெத்தையில் இருந்த குடும்பத்துக்கும் கேட்கிற மாதிரி.

அம்மா தயங்கித் தயங்கி, "வெயில்ல ஒருக்கா வெச்சுப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"வெளிய எடுத்துட்டுப் போக ரூல்ஸ் இல்லீங்கம்மா. இந்த லைட்டு வெயிலு மாதிரியேதானுங்க."

பெரியப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா கலர் பாட்டிலைக் குனிந்து பார்த்தாள். அதோடு பேச்சு முடிந்தது. பட்டு வேட்டி பார்க்க ஆண்கள் மாடியின் அந்தக் கோடிக்குப் போனார்கள். அம்மாவையும் கூடக் கூப்பிட்டுக்கொண்டார்கள். விற்பனையாள், மடித்த சேலைகளை அடுக்க அலமாரிப் பக்கம் போனார். மாப்பிள்ளையின் அம்மா குளிரில் தலை வலிக்கிறது என்று எங்களுக்குப் பின்னாலிருந்த தூண் ஓரமாக ஒரு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

அத்தை என் காதருகே குனிந்தாள். அவள் மூச்சு வேகமாக இருந்தது.

"கண்ணு, எனக்கு இந்த நெறத்து மேல சந்தேகமா இருக்குது. தையல் கிளாசுல பாத்திருக்கறேன், லைட்டுல ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு இருக்கும். கீழ கதவுகிட்டக் கொண்டுபோய்ப் பாத்துட்டு ஓடியாந்துரு. நாஞ் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லிறாதே. சத்தியமா?"

சத்தியம் செய்தேன். கல்யாணச் சேலையில் கறுப்பு கலந்திருக்கக் கூடாது என்பது எனக்கே தெரியும். அப்படி ஒன்று மணவறையில் தெரிந்தால் பேச்சு எத்தனை வருஷத்துக்கு ஓடும் என்பதும் ஓரளவு தெரியும். அத்தை சேலையை என் கையில் கொடுத்தாள். அதைத் துணிப்பைக்குள் வைத்தது மட்டும் என் சொந்த யோசனை. கையில் தூக்கிக்கொண்டு போனால் அழுக்காகிவிடும் என்று பயந்தேன்.

லிஃப்டில் ஏறப் பயமாக இருந்தது. ஒரு திரைக்குப் பின்னால் படிக்கட்டு இருந்ததைப் பார்த்து அதில் இறங்கினேன். திரைக்கு அந்தப் பக்கம் வேறு கடை. ஏசி இல்லை, சந்தன வாசம் இல்லை. ஒற்றை டியூப்லைட்டில் சுவர் ஓரமெல்லாம் அட்டைப்பெட்டிகள். யூனிஃபார்ம் சேலை கட்டிய ஓர் அக்கா படியில் உட்கார்ந்து குதிகாலை அழுத்திவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் காலை ஒதுக்கி வழிவிட்டாள். படிகளை எண்ண ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டேன்.

கீழே கதவருகே போய்ப் பையைத் திறந்து பார்த்தால் கறுப்புக் காகிதம் வெயிலை உள்ளே விடவில்லை. சேலை அதே அரக்காகத்தான் இருந்தது. வாட்ச்மேன் ஒரு கல்யாணக் கூட்டத்துக்குக் கதவைத் திறந்து பிடித்திருந்தார். அவர்கள் உள்ளே நுழைகிற இடைவெளியில் நான் வெளியே ஒரு படி இறங்கினேன். முந்தானையின் ஒரு நுனியை மட்டும் வெளியே இழுத்தேன்.

பங்குனி வெயில். அந்த வெயிலில் அரக்கு இல்லை. முற்றிய கத்தரிக்காயின் நிறம். மடிப்பு விழுந்த இடங்களில் அதுவும் இல்லை, வெறும் கறுப்பு. கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். ஒரு கை என் தோள்மேல் விழுந்தது.

"பில்லு எங்க பாப்பா?"

சல்யூட் அடித்த அதே ஆள். அவருக்கு இவ்வளவு பெரிய கை இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

கழுத்துப்பட்டை கட்டிய மேனேஜர் ஒருவர் என்னை லிஃப்டில் மேலே கூட்டிப்போனார். அவர் திட்டவில்லை. பையை மட்டும் விரல் நுனியில் பிடித்திருந்தார். மூன்றாம் மாடியில் எங்கள் ஆட்கள் அதற்குள் மெத்தைக்குத் திரும்பியிருந்தார்கள். சேலையைக் காணோம் என்று விற்பனையாள் எதையெதையோ புரட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் எல்லோருக்கும் முன்னால் பையிலிருந்து அதை எடுத்தார். கூடவே முறுக்குப் பொட்டலமும் வந்து மெத்தையில் விழுந்தது.

"இந்தப் பாப்பா யாரு கூட வந்ததுங்க? சேலையைப் பைக்குள்ள வெச்சுட்டு வெளிய போயிருச்சுங்க."

நாதஸ்வரம் தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மெத்தைக்காரர்கள் சேலை பார்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பெரியப்பா மெதுவாகத் தொண்டையைச் செருமினார். அப்பா எழுந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"யார் கண்ணு இதைக் குடுத்தா?"

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"உன்னையத்தான் கேக்கறேன். நீயா எடுத்தியா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் விரிப்பின் ஓரத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தன. அப்பா என் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். அவர் என்னை அடித்ததே கிடையாது. அன்றைக்கு அடிப்பார் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாந்தானுங்க அனுப்புனேன்."

கண்ணைத் திறந்தால், தூண் ஓரத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்துகொண்டிருந்தார்.

"வெளிச்சத்துல பாத்துட்டு வரட்டும்னு நாந்தான் குடுத்துட்டேன்."

மேனேஜர் கொஞ்சம் தடுமாறினார். "பைக்குள்ள வெச்சிருந்துச்சுங்களேம்மா."

"கையில புடிச்சா அழுக்காகிப்போகாதுங்களா? நாந்தான் பையில வெக்கச் சொன்னேன்."

இல்லைங்க என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பையில் வைத்தது என் யோசனை, அதை இவர் எடுத்துக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கை என் உச்சந்தலையில் வந்து உட்கார்ந்து ஓர் அழுத்து அழுத்தியது. வாய் தானாக மூடிக்கொண்டது.

"என்ன நெறமா இருந்துச்சு? சொல்லு சாமி."

"கறுப்புங்க."

கல்யாணச் சேலையைப் பற்றிச் சொல்லக் கூடாத வார்த்தை. அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அசையவில்லை. சேலையை மேனேஜர் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டைப் பார்த்து நடந்தார். ரூல்ஸ் என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"நீங்களும் கூட வாங்க. ஓடிப்போயிற மாட்டேன்."

எல்லோரும் இறங்கினோம். நடைபாதையில், பழக்கடைக்காரரும் ஆட்டோக்காரர்களும் பார்க்க, அவரும் அம்மாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சேலையை வெயிலில் விரித்தார்கள். பெரியப்பா குனிந்து பார்த்தார். அவர் பேசாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"உள்ள லைட்டு அப்படிங்க" என்றார் மேனேஜர்.

"கல்யாணம் எங்க ஊர்ல பந்தல்ல நடக்குதுங்க. உங்க கடையில நடக்கல" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

பிறகு விற்பனையாள் பத்துச் சேலைகளை வாசலுக்கே கொண்டுவந்தார். மேலே அவை ஒவ்வொன்றும் ஒரு ராஜகுமாரியாக இருந்தன. வெயிலில் பாதி வெளிறிப்போயின. மேலே யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு குங்குமச் சிவப்பு, தெருவில் நின்று பார்க்கும்போது கண்ணை எடுக்கவிடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எது புடிச்சிருக்குது அம்மணி?"

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேறு எங்கேயோ பார்த்தார். அத்தை அந்தச் சிவப்பைத் தொட்டாள்.

பில் போட ஆண்கள் உள்ளே போயிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் அருகே வந்து நின்றார். நான் நடுவில் நின்றதால் எனக்கு நன்றாகவே கேட்டது.

"இனிமே எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லு. புள்ளையை அனுப்பாதே."

அந்த அம்மாவின் குரலில் கோபம் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே மருமகளைத் திட்டுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மாலை பஸ்ஸில் அத்தை ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். ஈச்சனாரி தாண்டும்போது பார்த்தேன், அழுதுகொண்டிருந்தாள். முன் சீட்டில் அப்பா, அம்மாவிடம் சம்பந்தியம்மாவின் சாமர்த்தியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அத்தை, உங்க மாமியார் பொய் சொல்றாங்க. அவங்களா என்னைய அனுப்புனாங்க? அந்த ஊட்டுக்குப் போகாதீங்க."

அத்தை என் வாயைப் பொத்தினாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் யாருகிட்டயுமே சொல்லலீல்ல, அத்தை?" என்று கேட்டேன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன், அத்தையைக் காப்பாற்றிவிட்டேன். அந்த மெத்தையைச் சுற்றி எல்லோரும் என்னைத் திருடியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாய் திறந்திருக்க வேண்டியவள் வேறொருத்தி என்பது என் புத்தியில் படவே இல்லை.

அவள் அழுகை கூடியது. அந்த அரக்குச் சேலை கிடைக்காத ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பொள்ளாச்சி வரும்வரை என் கையை விடவில்லை. பிடி இறுகிக்கொண்டே போய் விரல்கள் வலித்தன.

"விடுங்கத்தை, கை வேர்க்குது" என்றேன்.