புதுக் கார் வாங்குனவங்க கடைசியா வந்த நாள்

இல்லலா மலர், இன்சூரன்ஸ் காரோட போகாது, ஆளோடதான் போகும். வித்தவரு ‘இன்னும் ஏழு மாசம் இன்சூரன்ஸ் இருக்கு, சும்மா ஓட்டுங்க’ன்னு சொன்னாருன்னா அவரு நல்ல மனுஷன்தான், ஆனா விஷயம் தெரியாத மனுஷன். அந்தத் தாள்ல இருக்கறது அவரு பேரு. நாளைக்கு நீ ஒருத்தன இடிச்சிட்டுப் போயி நின்னா, கம்பெனிக்காரன் உன்னைப் பாத்து ‘நீ யாரும்மா?’ன்னுதான் கேப்பான்.

எங்க நம்புறா? பக்கத்து வீட்டுல குடியிருக்கற டீச்சர் அவ. பழைய கார் ஒன்னு வாங்கியிருக்கா. ‘அதெல்லாம் உங்க காலத்துல ஆன்டி, எதுக்கும் எங்க வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வரேன்’னு சாவியை ஆட்டிக்கிட்டே போயிட்டா. வீட்டுக்காரரு பேங்க்ல இருக்காரு, அவருக்கு எல்லாம் தெரியும். ஊறுகாய்க்கு எவ்வளவு உப்புன்னு கூட அவரைத்தான் கேப்பா.

நீங்களாவது கேளுங்க. பழைய காரைக் குடுத்துட்டுப் புதுசு வாங்கின அத்தனை பேருக்கும் இந்தத் தலைவலி தெரியும். எங்க வீட்டுக்காரரு ரயில்வேல வேலை, சைடுல கார் இன்சூரன்ஸ் ஏஜண்டு வேலையும் பாத்தாரு. எழுபத்தஞ்சாம் வருஷம் அவரு தவறிப் போனப்ப பாதி எழுதின கவர் நோட் புஸ்தகம், அதான் இன்சூரன்ஸ் சீட்டு எழுதற புஸ்தகம், சாப்பாட்டு மேசை மேல அப்படியே கெடந்துச்சு. மீதிப் பாதியை நான் எழுதினேன். பென்ஷன் வந்துச்சு, பட்டினி இல்ல. பிள்ளைங்க ஒன்னு ஜோகூர், ஒன்னு லண்டன். பிரிக்பீல்ட்ஸ்ல தண்டவாளத்துப் பக்கம் வீடு, நாள் பூரா ரயில் சத்தம். எனக்கு வாசல்ல செருப்பு கழட்டுற சத்தம் வேணும், அதுக்குத்தான் எழுதினேன்.

கஸ்டமர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவாங்க. காப்பி குடிப்பாங்க, குடும்பக் கதை சொல்லுவாங்க. ஆனா புதுக் கார் வாங்கினாங்கன்னா போச்சு! ஷோரூம் சேல்ஸ்மேன் தன் ஏஜண்டையே வெச்சு இன்சூரன்ஸ் போட்டுக் குடுத்துடுவான். அப்புறம் என்கிட்ட ஒரே ஒரு தடவை வருவாங்க, ஒரு லெட்டருக்கு. ‘இவரு இத்தனை வருஷம் யாரையும் இடிக்கல, இழப்பு எதுவும் கேக்கல’ன்னு பழைய கம்பெனி குடுக்கற லெட்டர். அதைக் காட்டினாத்தான் அவங்க சேத்து வெச்ச தள்ளுபடி புதுக் காருக்குக் கெடைக்கும். லெட்டரைக் கையில வாங்கிட்டா ஆளு அவ்வளவுதான். அதனால கேட்டுக்கு வெளிய புதுக் கார் வந்து நின்னாலே நான் காப்பியை மெதுவாத்தான் கலப்பேன்.

மாலை போட்ட கார்

கிள்ளான்ல முனியாண்டின்னு ஒரு லோரி டிரைவர். வாழ்க்கையில முதல் தடவையா சொந்தத்துக்குக் கார் வாங்குறாரு. அதிசயமா ஷோரூம் ஏஜண்டு வேணாம், நீங்கதான் எழுதணும்னு என்கிட்ட வந்தாரு. எனக்கு அன்னிக்குக் கேசரி கிண்டுற அளவுக்கு சந்தோஷம். ஆனா ஒரு கண்டிஷன். இன்சூரன்ஸ் நல்ல நேரத்துல ஆரம்பிக்கணுமாம். வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிஞ்சு பன்னெண்டேகாலுக்குன்னு எழுதச் சொன்னாரு. நானும் பன்னெண்டேகால்னே எழுதினேன். எங்க அம்மாவும் இப்படித்தான், ராகு காலத்துல பல்லு கூட வெளக்க விட மாட்டாங்க.

வியாழக்கிழமை சாயங்காலமே ஷோரூம்ல ‘கார் ரெடி பாஸ்’னு கூப்பிட்டிருக்கான். இவருக்குக் கை சும்மா இருக்குமா? கோயில்கிட்ட கொண்டுபோயி விட்டுட்டா காலையில முதல் பூஜை நம்மதுன்னு ஓட்டிட்டாரு. லோரி ஓட்டின கைக்கு சின்னக் கார் பிடிபடல. பூக்கடை இரும்புத் தூணை உரசி ஒரு பக்கம் பூரா கிழிஞ்சு போச்சு.

வெள்ளிக்கிழமை சரியா பன்னெண்டேகாலுக்கு எங்க வீட்டு வாசல்ல கார் நிக்குது. பானெட்ல சந்தனம், குங்குமம், நாலு டயர்லயும் எலுமிச்சம்பழ ஈரம். மாலையை மட்டும் முன்னால போடாம பக்கவாட்டுல, நசுங்கின எடத்தை மறைச்சு, செல்லோடேப்பு போட்டு ஒட்டியிருக்காரு! நேரத்தை மாத்தி எழுதுங்கன்னு கெஞ்சினாரு. எழுதினா பொய், நான் மாட்டேன்னுட்டேன். கேசரியைத் தொடாம எழுந்து போறப்ப சொன்னாரு: “எனக்கு இன்சூரன்ஸ் தெரியாதுக்கா, லோரிதான் தெரியும். ‘நேரம் என்னடா நேரம், இன்னிக்கே போடுடா மடையா’ன்னு நீங்க ஒரு வார்த்தை அதட்டியிருக்கலாம்ல?”

அதே நம்பர்

நம்ம ஊர்ல ஆளுங்க காரை விட்டுக் குடுத்தாலும் நம்பரை விட மாட்டாங்க. கம்போங் மேடான்ல மீன் விக்கிற கோவிந்தசாமி, அப்பா காலத்துப் பழைய கார் நம்பரைப் புதுக் காருக்கு மாத்தி வாங்கிட்டாரு. அதுக்கு அலைஞ்ச அலைச்சலுக்கு அந்த நம்பர் அவருக்கு ஒரு கோயிலே கட்டணும். எல்லாத்தையும் முடிச்சிட்டு இன்சூரன்ஸ மட்டும் விட்டுட்டாரு. அதே நம்பர்தானே, பழைய தாளே போதும்னு மூணு வாரம் மீன் பெட்டிய ஏத்திக்கிட்டு பாசார் மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் ஓடியிருக்காரு.

எனக்கு எப்படித் தெரிஞ்சுது? பொண்டாட்டியோட இந்தப் பக்கம் வந்தவரு சும்மா கார் காட்ட நின்னாரு. நான் பென்சிலும் வெள்ளைத் தாளும் எடுத்துக்கிட்டுப் போயி பானெட்டைத் தூக்கச் சொல்லி எஞ்சின் நம்பரைத் தேச்சு எடுத்தேன். புடவையெல்லாம் கிரீஸ். நீலப் புடவை, பொண்ணு தீபாவளிக்கு அனுப்பினது, அப்புறம் அது கைத்துணியாப் போச்சு. ‘இங்க பாருங்கண்ணே, கம்பெனி பாக்கறது இந்த நம்பரை, வெளிய தொங்கறத இல்ல’ன்னு காட்டுறேன். ‘அப்பா நம்பர்லா, அதே நம்பர்லா’ன்னு அதையே சொல்லிக்கிட்டு நிக்கிறாரு. கார்ல இருந்து எறங்காமலே அவரு பொண்டாட்டி கேட்டா: “ஏங்க, என் பேருலயே வேற ஒருத்தியக் கூட்டியாந்து நிறுத்தினா, அதே பேருதானேன்னு நான் சோறு போடுவேனா?”

டிராயர்ல இருந்த லெட்டர்

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. சுங்கை வேயில செல்வின்னு ஒரு நர்ஸ். சொந்த ஊரு கேரி தீவு, அப்பா எஸ்டேட்ல வேலை. முதல் கார் பழசு, அதுக்கு நான்தான் இன்சூரன்ஸ். வருஷா வருஷம் வருவா, ஒரு பை நெறைய கீரை கொண்டாருவா, ரெண்டு மணி நேரம் பேசுவா. நான் சமைக்கறதை ‘உப்பு கம்மி ஆன்டி’ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன ஒரே ஆளு அவதான். எங்க வீட்டுக்காரருக்குக் கூட அந்த தைரியம் இருந்ததில்ல.

அவளும் புதுக் கார் எடுத்தா. ஷோரூம்லயே இன்சூரன்ஸ். லெட்டர் கேட்டு வந்தா. லெட்டர் அப்பவே வந்து டிராயர்ல இருக்கு. நான் என்ன செஞ்சேன்? ‘கம்பெனி இன்னும் அனுப்பலம்மா, அடுத்த சனிக்கிழமை வாயேன்’னு சொன்னேன். வந்தா. சாப்பிட்டுப் போனா. திரும்பவும் ‘அடுத்த சனிக்கிழமை’ன்னேன். வந்தா. லெட்டர் இல்லாம தள்ளுபடி இல்ல, தள்ளுபடி இல்லாமக் கட்ட அவளுக்கு முடியல. புதுக் கார் ஷோரூம்லயே நின்னுச்சு, பழசையோ குடுத்தாச்சு. அதுக்கு நடுவுல அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஊருக்கு பஸ் மாறி மாறிப் போயிருக்கா. போய்ச் சேந்தப்ப மத்தவங்க அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. பொழைச்சிட்டாரு, சாமி புண்ணியம். ஆனா அந்த பஸ்ல அவ ஒக்காந்திருந்த நேரத்தை யாரு திருப்பிக் குடுக்கறது?

மூணாவது சனிக்கிழமை அவ வாயைத் தொறக்கும் முன்ன லெட்டரை எடுத்து நீட்டினேன். இப்பத்தான் வந்துச்சுன்னு பொய் சொல்லல. அவ கோவப்படல. மடிச்சு பைக்குள்ள வெச்சுக்கிட்டா. செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னா: “முதல் வாரமே பாத்துட்டேன் ஆன்டி, டிராயரை நீங்க சரியா மூடல. அன்னிக்கே குடுத்திருந்தாலும் அடுத்த சனிக்கிழமை நான் வந்திருப்பேன்.”

எந்தக் காருக்கும் இல்லாத லெட்டர்

அதுக்கப்புறம் யாரு லெட்டர் கேட்டாலும் காப்பி ஆறும் முன்னயே குடுத்துடுவேன். ஒவ்வொருத்தரா வாங்கிட்டுப் போனாங்க. தொண்ணூறாம் வருஷத்துக்கு மேல மீதி இருந்தது விரல் விட்டு எண்ணுற அளவுதான். அதுல ஒருத்தரு நடராஜா மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரரு, பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக் குடுத்து ரிட்டயர் ஆனவரு. மனைவி இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவைன்னு மத்தவங்களுக்குத்தான் கணக்கு. இவரு கார் கண்ணாடியில ஒட்டின ரோட் டாக்ஸ் தாளு வழுக்குது, பேரு எழுத்துப் பெருசா இருக்கா சின்னதா இருக்கான்னு எதையாவது சொல்லிக்கிட்டு மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு. நானும் பூதக்கண்ணாடி போட்டுப் பாத்து ‘சரியாத்தான் இருக்கு மாஸ்டர்’னு சொல்லி அனுப்புவேன். ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டதில்ல.

போன மாசம் வந்து அந்த லெட்டர் வேணும்னாரு. ‘எந்த ஷோரூம் மாஸ்டர், என்ன காரு?’ன்னேன். ‘காரே இல்லைப் பிள்ளை. பிள்ளையள் வித்துப் போட்டாங்கள். கண் தெரியேல்லையாம், ஒரு நாளைக்கு யாரையாவது அடிச்சுப் போடுவனாம். இருவது வருஷம் நான் ஒருத்தரையும் இடிக்கேல்லை எண்டு கடிதத்திலை இருந்தால், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரிலை கொழுவி வைப்பன். பிள்ளையள் வந்து பாக்கட்டும்’னாரு. டாக்சியில வந்திருக்காரு, வெளிய மீட்டர் ஓடுது.

கம்பெனிக்கு எழுதிப் போடணும், ரெண்டு வாரம் ஆகும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. செல்வி ஞாபகம் வந்து முழுங்கிட்டேன். போன் பண்ணி, மறுநாள் நானே பஸ் ஏறிப் போயி வாங்கி, பங்சார்ல அவரு வீட்டுலயே கொண்டுபோயிக் குடுத்தேன். நின்னுக்கிட்டே ரெண்டு தடவை படிச்சாரு. கார் நிக்கிற போர்ச்சு காலியா, எண்ணெய்க் கறையோட கெடந்துச்சு. இந்தத் தடவை நான் வாயைத் தொறந்து கேட்டுட்டேன்: ‘மாஸ்டர், இனிமே வேலை எதுவும் இல்லன்னாலும் வீட்டுக்கு வாங்க.’ அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. தொடச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சொன்னாரு: “வரத்தான் விருப்பம் பிள்ளை, ஆனால் கார் இல்லாமல் நான் எப்பிடி வாறது?”

ஆக மொத்தம் இந்தத் தொழில்ல நான் கத்துக்கிட்டது, நல்லா ஓட்டுறவங்க வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்க, இடிச்சுக்கிட்டே இருக்கறவங்கதான் வாரா வாரம் வருவாங்க, நான் போயி நல்லா ஓட்டுறவங்களாப் பாத்து சேத்து வெச்சேன்.

கொஞ்சம் இருங்க, ரொட்டி விக்கறவரு ஹார்ன் சத்தம் கேக்குது. ரொட்டி அண்ணே! ஓ ரொட்டி அண்ணே, நில்லுங்க! மோட்டாரு சைக்கிள் புதுசா இருக்கே, யாரு இன்சூரன்ஸ் எழுதினா? வெயில்ல நின்னுக்கிட்டுப் பேசாதீங்க, ஒரு ரொட்டியும் மோட்டாரு கிராண்டு, அந்தப் பதிவுத் தாளையும் எடுத்துக்கிட்டு உள்ள வாங்க!