எர்சிலியா தேர்ந்தெடுத்த ஜோடி

முப்பத்தொன்பது வயது வரைக்கும் எர்சிலியா வைக்கில் என்பவள் புது ஸ்கீயில், அதாவது பனிச்சறுக்குப் பலகையில், கால் வைத்ததில்லை. எரிமலையின் அடிவாரத்தில் பிறந்து, நடக்கப் பழகிய கையோடு சறுக்கவும் பழகியவள். ஆனால் காலில் மாட்டியதெல்லாம் அடுத்தவர் கழித்துப் போட்டது. பிரேசில்காரர்கள் விடுதியில் விட்டுப் போனவை, வாடகைக் கடையில் அடிபட்டு ஓய்ந்தவை, ஒருமுறை காலுக்கு ஒரு நிறமாக ஒரு ஜோடி. அவற்றைப் போட்டுக்கொண்டே அந்த மலையில் மீட்புக் குழுவில் சேர்ந்தாள். மூட்டு நழுவியவர்களையும் மூடுபனியில் வழி தவறியவர்களையும் கீழே கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவள் பிழைப்பு. புருஷன் தெற்கே சால்மன் மீன் பண்ணையில் வேலை பார்த்தான். வருஷத்தில் இரண்டு தடவை வந்து போவான். மகள் ரையென் தெமுகோ நகரில் படித்துக்கொண்டிருந்தாள்.

குழுவில் அவளோடு ஜோடி போட்டு வேலை பார்த்தவன் நிபால்டோ. ரையெனுக்கு ஞானத்தகப்பன் அவன்தான். அதனால் அவள் அவனைக் கொம்பாத்ரே என்பாள், அவன் அவளைக் கொமாத்ரே என்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்ட ஞாபகமே இருவருக்கும் இல்லை. தினமும் காலையில் கம்பியில் மலையேறும் முதல் நாற்காலி லிஃப்டில் ஏறும்போது அவள் கேட்பாள், "கொம்பாத்ரே, இன்னைக்குப் பனி எப்படி?" அவன் சறுக்குக் கைத்தடியால் கீழே குத்தும் பாவனை செய்து, "நேத்து ராத்திரி உங்க அம்மா சுட்ட ரொட்டி மாதிரி. மேல ஓடு, உள்ள மாவு" என்பான். சொன்னால் சொன்னபடியே இருக்கும்.

அந்த ஆண்டு குழுத் தலைவருக்கு முழங்கால் போய்விட்டது. குளிர்காலம் முடிந்ததும் விலகுகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு எர்சிலியா, நிபால்டோ இரண்டு பேர் பெயரும் அடிபட்டது. தலைநகரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து, அந்தப் பக்கத்துக் குளிர்காலம் முடியப்போகிற ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் முழுக்க இருவரையும் மலையில் ஓடவிட்டுப் பார்ப்பார் என்று முடிவானது. ஒரே ஒரு விதி. காலையில் எந்த ஸ்கீயைப் போடுகிறீர்களோ, சாயங்காலம் வரை அதுதான். விபத்து நடந்த இடத்தில் யாரும் பலகை மாற்றிக்கொண்டு இருக்க முடியாதே.

"யாரு ஜெயிச்சாலும் சரி, தலைமை நம்ம ரெண்டு வீட்டுக்குள்ளதான்" என்றான் நிபால்டோ. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

வாழ்க்கையில் முதல்முறையாகப் புது ஜோடி வாங்குவது என்று எர்சிலியா தீர்மானித்தது அப்போதுதான். அவளுடைய பழைய ஸ்கீயின் விளிம்பு இரும்பு தேய்ந்து, தீட்டுவதற்குக்கூட மிச்சமில்லாமல் போயிருந்தது. எரிமலைச் சரிவிலோ காலையில் கண்ணாடிப் பனி, மதியம் கூழ், காற்று மாறினால் இடுப்பளவு பொடிப்பனி. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே ஜோடி வேண்டும். ஊரில் அமதோர் கடையில் அவள் தரத்துக்கு இரண்டு ஜோடிகள் இருந்தன. அமதோர் இரண்டையும் ஒரு நாளைக்கு எடுத்துப் போய் ஓட்டிப் பார்க்கச் சொன்னான்.

முதலாவது கறுப்பு. காலடியில் ஒன்பதரை சென்டிமீட்டர் அகலம், உள்ளே உலோகத் தகடு, விறைப்பானது. இரண்டாவது பச்சை. பதினோரு சென்டிமீட்டர் அகலம், இலேசானது, முனை நன்றாக மேலே வளைந்தது.

கறுப்பைப் போட்டுக்கொண்டு அவள் முதல் சரிவில் இறங்கினாள். இறுகிய பனியில் விளிம்பை அழுத்தியதும் பலகை பிடித்துக்கொண்டது. உதறல் இல்லை, இழுப்பு இல்லை. வேகம் கூடக் கூட அமைதியானது. அராவ்காரியா மரங்களுக்கு நடுவே தளர்ந்த பனிக்குள் புகுந்தபோது முனை கொஞ்சம் யோசித்தது, பிறகு எழும்பியது. பச்சையைப் போட்டபோது ஆழப்பனியில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவ்வளவு சுகமாக மிதந்தது. ஆனால் உறைந்த தடத்துக்கு வந்ததும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்க்க நேரம் பிடித்தது, முழங்கால் முறுகியது.

கீழே நிபால்டோ சோபைப்பில்யா என்ற பொரித்த ரொட்டியைத் தின்றுகொண்டு காத்திருந்தான். பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினான்.

"என்ன சொல்லுது கால்?"

"கறுப்புன்னு சொல்லுது."

அவன் கறுப்பைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "தகடு வச்சது, கொமாத்ரே. ஒரு சரிவுக்கு ராணி மாதிரி இருக்கும். நாள் முழுக்க ஓட்டிப் பாரு, ரெண்டு மணிக்கு மேல தொடை செத்துடும். நீ என்ன எடை இருக்க? ஒரு மூட்டை உருளைக்கிழங்கு அளவு. இந்தக் கட்டை உன்ன ஓட்டும், நீ அத ஓட்ட மாட்ட."

"கண்ணாடிப் பனில பச்சை வழுக்குதே."

"ஆகஸ்ட் கடைசில கண்ணாடிப் பனிய எங்க தேடப் போற? புயல் வருதுன்னு ரேடியோல சொல்லிட்டான். தேர்வு எப்பவும் வடக்குக் கிண்ணப் பள்ளத்துலதான் வைப்பாங்க, அங்க பனி கழுத்து வரைக்கும் கிடக்கும். அகலமானத எடு. நான் சொல்றேன்ல."

நான் சொல்றேன்ல என்றபிறகு அவளுக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. பனியைப் பற்றி அவன் சொல்லி அவள் ஒருநாளும் ஏமாந்ததில்லை. பச்சையை வாங்கினாள். அன்று சாயங்காலம் அவனே பட்டறையில் உட்கார்ந்து அவளுக்காக அதன் அடிப்பாகத்தில், நன்றாகச் சறுக்குவதற்கு, மெழுகு தேய்த்துக் கொடுத்தான். ரொம்ப அக்கறையாகத் தேய்த்தான்.

தேர்வு நாள் காலையில் வானம் சுத்தமாக இருந்தது. புயல் வந்து பொழிந்துவிட்டுப் போய், பின்னால் ஒரு கடுங்குளிர் இறங்கியிருந்தது. எர்சிலியா பூட்ஸை இறுக்கிக்கொண்டிருந்தபோது நிபால்டோ வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். அவன் தோளில் கறுப்பு ஜோடி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அந்த ஜோடிதானே இது?"

"ஆமா. அமதோர் கடைசில எனக்கே குடுத்துட்டான்."

"தொடை செத்துடும்னு சொன்ன."

"உன் தொடையச் சொன்னேன், கொமாத்ரே. இதப் பாரு" என்று தன் தொடையைத் தட்டிக் காட்டினான். "எருமைத் தொடை. இதுக்குத் தாங்கும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே தன் பச்சை ஜோடியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

தேர்வாளர் வந்தார், கை குலுக்கினார், முதல் ஓட்டம் தெற்குப் பிளவில் என்றார். குளிர்காலம் முழுக்க வெயிலே எட்டிப் பார்க்காத சரிவு அது. புதுப்பனியைக் காற்று வாரிக்கொண்டு போய், அடியில் இருந்த பழைய பனி நீலமாகத் தெரிந்தது. மீட்புச் சறுக்குவண்டியில் ஓர் ஆளைப் படுக்க வைத்து, அதைக் கட்டுப்படுத்தியபடி இறங்க வேண்டும். கொடிகள் நட்டு வழி குறித்திருந்தது.

நிபால்டோ முதலில் இறங்கினான். விளிம்பைப் பதித்துப் பதித்து, படி இறங்குகிறவன்போல் சாவகாசமாகப் போனான். கறுப்புப் பலகை பனியைச் சீவும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. அடுத்து அவள். மூன்றாவது திருப்பத்திலேயே பச்சைப் பலகை பக்கவாட்டில் வழுக்கியது. வண்டியின் பாரம் முதுகை நெட்டித் தள்ளியது. விழவில்லை, அத்தனை வருஷத்து அனுபவம் அவளைத் தூக்கிப் பிடித்தது. ஆனால் பிளவின் பாதித் தூரத்தை அவள் வளைத்துத் திருப்பி ஓட்டவில்லை, குறுக்கே நின்று வழுக்கிக்கொண்டேதான் இறங்கினாள். கொடிகளில் இரண்டை இடித்துத் தள்ளினாள். வண்டியில் படுத்திருந்தவன் சத்தமாக ஜெபம் சொன்னதைக் கேட்டுக் கீழே சிலர் கெக்கலித்தார்கள்.

மதியம் வடக்குக் கிண்ணத்தில் ஆழப்பனியில் அவள் பறந்தாள். நிபால்டோ அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். தேர்வாளர் மெச்சினார். ஆனால் விபத்துகள் நடப்பது பிளவில்தான் என்றும், தலைவரைப் பிளவை வைத்துத்தான் எடைபோட முடியும் என்றும் சொன்னார். தலைமை நிபால்டோவுக்குப் போனது. அது நியாயம்தான் என்று எர்சிலியாவுக்கே பட்டது. நிபால்டோவைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னாள்.

அடுத்த வாரம் நிபால்டோவின் மனைவி ரோசெந்தா வேகவைத்த பின்யோன் கொட்டைகளை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து இருவரும் மாத்தே மூலிகைத் தேநீர் குடித்தார்கள். ரோசெந்தா வஞ்சகமில்லாதவள். பேச்சுவாக்கில் சொன்னாள்.

"அவரு பாவம், தேர்வுக்கு முந்தின வாரமே அந்தத் தலைநகர்க்காரர் கூடப் போய்ப் பிளவுல கொடி நட்டுட்டு வந்தாரு. விரலெல்லாம் விறைச்சுப் போய் வந்தாரு. நான்தான் வெந்நீர் வச்சுக் குடுத்தேன்."

எர்சிலியா வெந்நீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள். "எப்ப போனாங்க?"

"ஞாயித்துக்கிழம. நீங்க ரெண்டு பேரும் ஸ்கீ ஓட்டிப் பாத்தீங்களே, அதுக்கு மொத நாளு." ரோசெந்தா கொட்டையை உரித்துக்கொண்டே தொடர்ந்தாள். "அந்தக் கறுப்பு ஜோடியக் கட்டிலுக்கு அடியில போர்வை சுத்தி வச்சிருந்தாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. எனக்கென்ன தெரியும், உனக்குத்தான் ரகசியமா வாங்கி வச்சிருக்காரோன்னு நெனச்சேன்."

ரோசெந்தாவிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? எர்சிலியா இரண்டாவது சுற்று மாத்தேயை ஊற்றிக் கொடுத்தாள். ரோசெந்தா போனபிறகு, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான் அவளுக்குப் பிடிபடாமல் இருந்தது. அவன் எதைத் திருடினான்? எதை உடைத்தான்? ஒரு ஸ்கீயைப் பற்றி ஒரு யோசனை சொன்னான், அவ்வளவுதானே. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். புருஷனிடம் தொலைபேசியில் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "நீதானே வாங்கின, அவனா உன் காலைப் பிடிச்சு மாட்டிவிட்டான்?" என்றான். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். எல்லாவற்றையும்விட அந்த மெழுகுதான் அவளை அறுத்தது. தெரிந்துகொண்டே, அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து தேய்த்தானே.

நாட்கள் போயின. காலையில் லிஃப்டில் ஏறும்போது அவள் பனியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். செப்டம்பரில் ஒரு நாள் காற்று கிளம்பி லிஃப்ட் நடுவழியில் நின்றது. கீழே மரங்கள், மேலே சாம்பல் வானம், ஒரே நாற்காலியில் அவர்கள் இருவர். இறங்கிப் போக வழியில்லை.

"பிளவுலதான் தேர்வுன்னு உனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

அவன் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "ரோசெந்தா சொன்னாளா?"

"யார் சொன்னா என்ன."

நாற்காலி காற்றில் ஆடியது. அவன் கீழே மரங்களைப் பார்த்தபடி பேசினான். "கறுப்பு உன் கால்ல இருந்திருந்தா நீதான் ஜெயிச்சிருப்ப. அது எனக்குத் தெரியும், மலைக்கே தெரியும். பொடிப்பனில நீ முன்னாடி, மரத்துக்குள்ள நீ முன்னாடி. இத்தன வருஷம் உன் முதுகப் பாத்துக்கிட்டே ஓட்டியிருக்கேன். ஒரு தடவயாவது..."

"எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே. இந்தத் தடவ எனக்கு விட்டுக் குடு கொமாத்ரேன்னு. குடுத்திருப்பேன்."

"குடுத்திருப்பியா?"

அவள் யோசித்தாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. "கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். "இப்ப உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"அந்தக் கறுப்பத் தந்துடறேன். எடுத்துக்க."

"வேண்டாம் நிபால்டோ."

பெயர் சொன்னதும் அவன் திரும்பிப் பார்த்தான். லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நகர ஆரம்பித்தது. மேலே இறங்கியதும் அவன் இடப்பக்கம் போனான், அவள் வலப்பக்கம்.

தேசிய விடுமுறைக்கு ரையென் ஊருக்கு வந்தாள். வருஷா வருஷம் இரண்டு குடும்பமும் ஒரே நெருப்பில் ஆட்டுக்கறி சுடுவது வழக்கம். "ஞானப்பா எப்ப வராரு?" என்று மகள் கேட்டாள். "அவங்க வீட்டுல விருந்தாளி வந்திருக்காங்க" என்று எர்சிலியா பொய் சொன்னாள். மகளுக்கு அவர் நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்கே எரிச்சலாகவும் இருந்தது.

நிபால்டோ நல்ல தலைவனாகத்தான் இருந்தான். அதுவும் ஒரு கஷ்டம். பொறுப்பில் தவறவில்லை, யாரையும் வைததில்லை, புயலில் கடைசி ஆள் இறங்கும் வரை மேலேயே நின்றான். குறை சொல்ல ஏதாவது கிடைத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த குளிர்காலம் தொடங்கியதும் அவள் பச்சை ஜோடியை அமதோர் கடையில் மாற்றுக்குக் கொடுத்தாள். நல்ல ஸ்கீதான், அதன்மேல் அவளுக்குக் கோபமில்லை; ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் மெழுகு மணம் வந்தது. புதிதாக வந்திருந்ததில் மூன்று ஜோடிகளை எடுத்துக்கொண்டு தனியாக மலையேறினாள். ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை பல நாள் இழுத்தது. ஒவ்வொன்றிலும் இறங்கும்போது அவளுடைய கால் ஒன்றைச் சொல்லும். உடனே காதுக்குள் அவன் குரல் கேட்கும். தகடு வச்சது கனம். அகலம் பத்தாது. உன்ன அது ஓட்டும். எது கால் சொல்வது, எது அவன் சொல்வது என்று பிரிக்க முடியாமல் சரிவின் நடுவில் நின்றுவிடுவாள். அவன் தலைமைப் பதவியை எடுத்துக்கொண்டதைக்கூட அவளால் ஒருவாறு சீரணிக்க முடிந்தது. தன் காலின்மேல் இருந்த நம்பிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டானே என்பதைத்தான் முடியவில்லை.

கடைசியில் பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான, நடுத்தர விறைப்புள்ள சாம்பல் நிற ஜோடி ஒன்றை எடுத்தாள். சரியாகத் தேர்ந்தோமா என்ற சந்தேகத்தோடேயே சில வாரங்கள் ஓட்டினாள். பிறகு ஜூலையில் ஒரு காலை, மேலே இறுகியும் கீழே தளர்ந்தும் கிடந்த பனியில், கைமுறிந்த ஒருவரைத் தேடி அவசரமாக இறங்கினாள். கட்டுப் போட்டு ஆளை அனுப்பிவிட்டுக் குனிந்து ஸ்கீ பூட்டில் ஒட்டிய பனியைத் தட்டியபோதுதான், இறங்கிய நேரம் முழுவதும் ஸ்கீயைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

நிபால்டோ பக்கத்தில் வந்து நின்று அவள் காலடியைப் பார்த்தான். "புது ஜோடி எப்படிப் போகுது?"

"போகுது" என்றாள் எர்சிலியா. கைத்தடிகளை எடுத்துக்கொண்டு லிஃப்டை நோக்கிச் சறுக்கினாள்.