த்வாண்டே அம்மா

என் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் பர்மாவில், போட்டாதாங் படகுத்துறைக் கிடங்கில் குமாஸ்தா. பிரசவத்தில் மனைவி போய்விட, கைக்குழந்தையைப் பக்கத்துப் பானை ஊரான த்வாண்டேயில் கொண்டுபோய் விட்டாராம். அந்தக் குழந்தைதான் என் தாத்தா. "அம்மாகிட்ட விட்டுத்தான் வளத்தாரு" என்று என் அப்பா சொல்வார். அம்மா என்றால் குமாஸ்தாவின் தாயார், இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

அந்த மகராசி கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தியாவது ஏற்ற வேண்டும் என்பது என் ஆசை. அவர் இல்லையென்றால் எங்களில் யாருமே இல்லையே. ஆனால் கல்லறைத் திருநாள்தோறும் த்வாண்டே போய்த் தேடினாலும் அங்கே தமிழ்ப் பெண் பெயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "இந்த வருசமும் மெழுகுவத்திக்கு ஊர் சுத்திக் காட்டிட்டு வந்தீங்களா?" என்று என் மனைவி கேலி செய்வாள்.

போன தடவை எரிச்சலோடு திரும்பும்போது கால் கடுத்து, ஒரு பானைக் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரப் பெண்மணி என்னைவிடச் சற்று மூத்தவர். என்ன தேடுகிறீர்கள் என்று பர்மிய மொழியில் கேட்டார். நானும் பர்மிய மொழியிலேயே கதையைச் சொன்னேன். 'அம்மா' என்ற சொல்லை மட்டும் அப்பா சொன்னபடியே சொன்னேன்.

பானை துடைத்த கை நின்றது. "அமாவா?"

பர்மிய மொழியில் அமா என்றால் அக்கா. சந்தையில் தினமும் எத்தனை பேரை அப்படி அழைக்கிறேன்! இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை. தமிழ் வாயில் விழுந்த அக்கா எங்களுக்கு அம்மாவாகிவிட்டாள்.

கடைக்காரப் பெண்மணியின் கொள்ளுப்பாட்டி போட்டாதாங் படகுத்துறையில் பானை விற்றவராம். அமா, அமா என்று பழகிய தமிழ்க் குமாஸ்தா ஒருவர் தாயில்லாக் குழந்தையை அவரிடம் விட்டாராம். போர் நெருங்கியதும் வந்து தூக்கிக்கொண்டு போனவரிடமிருந்து பிறகு தகவலே இல்லை.

"அவங்க கல்லறை எங்கே?" என்றேன்.

"ஏது கல்லறை? நாங்க எரிக்கிறவங்க" என்று சிரித்தார். என் மெழுகுவர்த்தியை வாங்கிக் கடைக்குள் புத்தர் சிலை முன்னால் ஏற்றினார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். நன்றியில் நெஞ்சு நிறைந்திருந்தது.

அவர் திரும்பி என் கையைப் பிடித்தார். "அந்தக் குழந்தை பிழைச்சுதா? சாகுற வரைக்கும் அவங்க அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தாங்களாம்."

"பிழைச்சதாலதான் நான் இங்க நிக்கிறேன், அமா."